'வீக்கன்' என்ற ஆங்கிலச் சொல்லை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது: பாம்பன் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2020 டிசம்பர் 3, சாயங்காலம். முந்தின நாள் ராத்திரி திரிகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயல், இலங்கையைக் குறுக்கே தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியிருந்தது. கடலுக்குப் போகக் கொடுக்கும் அனுமதி டோக்கனை நிறுத்தியாகிவிட்டது, யாரும் போகவில்லை. சித்தப்பா தன் வத்தைப் படகை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, தெற்குவாடிக் கரையில் நனைந்துகொண்டே நின்றார்.

"போன்ல என்ன போட்டிருக்கான், வாசிச்சுச் சொல்லு தம்பி."

வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கை அது. 'வீக்கன்ட் இன்ட்டு எ டீப் டிப்ரெஷன்' என்று இருந்தது.

"வலுவிழந்துருச்சாம் சித்தப்பா."

"அப்பப் பொழைச்சோம்" என்றார். கட்டியிருந்த இரண்டு கயிற்றில் ஒன்றை அவிழ்த்து, வீட்டுக்கூரை மேல் தார்ப்பாய் கட்ட எடுத்துக்கொண்டு போனார்.

வலுவிழந்த அந்தச் சுழல் நகரவில்லை. நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையை ஒட்டியே நின்றுகொண்டது. ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும் ஓயவில்லை. விடியும்போது வத்தை கல்லில் மோதி, அணியத்துப் பலகை, அதாவது முன்பக்கப் பலகை, பிளந்து கிடந்தது. சித்தப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் சுமந்து வந்த சேதியில் பாதியைத்தான் அவரிடம் இறக்கி வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் கவனித்து வருகிறேன். சாயங்காலம் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும், வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகத் தயாராகும் தம்பிமாருக்கும் சொல்லிக்கொடுப்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லைக் கண்ணாலும் காதாலும் பிடியுங்கள்

டபிள்யூ, ஈ, ஏ, கே: இது 'வீக்', பலம் இல்லாத என்று பொருள். அதன் வாலில் ஈ, என் சேர்த்தால் 'வீக்கன்', வினைச்சொல். 'டார்க்' இருட்டு என்றால் 'டார்க்கன்' இருட்டுவது. 'சாஃப்ட்' மென்மை என்றால் 'சாஃப்பன்' மென்மையாவது. அதே வாய்ப்பாடுதான். எதிர்ச்சொல் மட்டும் கொஞ்சம் மாறி நடக்கும். 'ஸ்ட்ராங்' என்பதிலிருந்து 'ஸ்ட்ராங்கன்' வராது. 'ஸ்ட்ரெங்த்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து 'ஸ்ட்ரெங்தன்' என்று வரும். பிள்ளைகள் பாதிப் பேர் இங்கே வழுக்குவார்கள்.

வாரத்தைக் குறிக்கும் 'வீக்' ஒலியில் இதேதான், எழுத்தில் ஈ, ஈ. வானொலியில் கேட்கும்போது இன்னொரு குழப்பம் வரும். 'வீக்கன்ட்' என்றால் வலு குறைந்தது. 'வீக்எண்ட்' என்றால் சனி, ஞாயிறு. முதலாவதில் கடைசி அசை தேய்ந்து விழுங்கப்படும், இரண்டாவதில் 'எ' தெளிவாக ஒலிக்கும். புதிதாகப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு நம் 'வீக்கம்' நினைவுக்கு வந்து, பெரிதாகிறது என்று நேர் எதிராக எழுதிவிடுவதும் உண்டு. முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: தன்வினையா பிறவினையா என்று பாருங்கள்

தமிழில் நமக்கு இந்த வசதி சொல்லிலேயே இருக்கிறது. தளர்ந்தது, தளர்த்தியது. தணிந்தது, தணித்தது. மெலிந்தது, மெலித்தது. ஓர் எழுத்து அழுத்தத்தில் யார் செய்தார், தானாக நடந்ததா என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தின் 'வீக்கன்' இரண்டுக்கும் ஒரே உருவம்தான். 'தி விண்ட் வீக்கன்ட்' என்றால் காற்று தானாகக் குறைந்தது. 'தி விண்ட் வீக்கன்ட் தி வால்' என்றால் காற்று சுவரைப் பலவீனமாக்கியது. சொல் மாறவில்லை, பின்னால் ஒரு பொருள் வந்து நின்றதும் வேலை மாறிவிட்டது.

ஆகவே 'வீக்கன்' கண்ணில் பட்டதும் உடனே மொழிபெயர்க்காமல், அடுத்த சொல்லைப் பாருங்கள். பெயர்ச்சொல் வந்தால் அதுதான் அடி வாங்குகிறது. 'பை' வந்தால் அடி கொடுத்தது யார் என்று சொல்லப் போகிறார்கள். 'இன்ட்டு' வந்தால் எந்த நிலைக்கு இறங்கியது என்று சொல்லப் போகிறார்கள். 'அகெய்ன்ஸ்ட்' வந்தால் பெரும்பாலும் அது நாணய மதிப்பு பற்றிய செய்தி.

மூன்றாம் படி: எதிலிருந்து எதற்கு?

நம் கரைக்கு இந்தப் படிதான் உயிர் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வானிலை அறிக்கையில் 'வீக்கன்ட் இன்ட்டு' என்பது ஏணியில் ஒரு படி இறங்கியதைச் சொல்வது. இந்திய வானிலைத் துறை அந்த ஏணியைக் காற்றின் வேகத்தால் அளக்கிறது. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், ஆங்கிலத்தில் 'டிப்ரெஷன்'. 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 'டீப் டிப்ரெஷன்'. 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். 118-ஐத் தொட்டால் அதிதீவிரம், அதற்கு மேலும் படிகள் உண்டு.

இப்போது டிசம்பர் 3 அறிக்கையைத் திரும்பப் பாருங்கள். புயல் என்ற படியிலிருந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்ற படிக்கு இறங்கியது. ஒரே ஒரு படி. மணிக்கு 65 கிலோமீட்டரில் வீசிய காற்று 60-க்கு வந்தாலும் அறிக்கையில் 'வீக்கன்ட்' என்ற சொல்தான் வரும். வத்தையின் கயிற்றுக்கு 65-க்கும் 60-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

தமிழ் அறிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக' என்று வாசிக்கும்போது சிலருக்கு 'வலுவிழந்து' மட்டும் காதில் விழுகிறது, சிலருக்கு 'ஆழ்ந்த' மட்டும் விழுகிறது. முன்னவர் புயல் போய்விட்டது என்று நினைக்கிறார், பின்னவர் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைக்கிறார். 'இழந்து' என்ற சொல்லே முழுவதும் போய்விட்டதுபோல ஒலிக்கிறது என்பது என் எண்ணம். கண்ணை இழந்தான், சொத்தை இழந்தான் என்றால் மிச்சம் ஏதும் இல்லை. 'வீக்கன்' அப்படி இல்லை. முன்பு இருந்ததைவிடக் குறைவு என்பது மட்டும்தான் அதன் சேதி. மிச்சம் எவ்வளவு என்பதை 'இன்ட்டு'வுக்குப் பிறகு வரும் சொல்தான் சொல்லும். அதனால் கரையில் சொல்லும்போது 'வலு குறைந்து இன்ன நிலைக்கு வந்திருக்கிறது' என்று சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஏணி அளப்பது காற்றை. மழையை அது அளப்பதே இல்லை. புரெவி நம் கரையோரம் நின்று 4ஆம் தேதி தாழ்வு மண்டலமாக மேலும் ஒரு படி இறங்கிய அதே நாட்களில்தான் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. வேகமாக நகர்ந்து போகும் புயலைவிட, வலு குறைந்து ஒரே இடத்தில் நின்றுவிடும் சுழல் சில சமயம் அதிக மழையைக் கொடுக்கும். எனவே 'வீக்கன்ட்' என்பதோடு 'ஸ்டேஷனரி' என்ற சொல்லும் இருக்கிறதா என்று தேடுங்கள். நகராமல் நிற்கிறது என்று அதற்குப் பொருள். எழுத்தில் கடைசி 'ரி'க்கு முன் ஏ இருக்க வேண்டும். ஈ போட்டு எழுதினால் அது நோட்டு, பேனா விற்கும் கடைச் சரக்கு. அன்றைய அறிக்கையில் அந்தச் சொல்லும் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

'கிராஜுவலி' என்றால் படிப்படியாக. 'ஃபர்தர்' என்றால் மேலும். 'லைக்லி டு வீக்கன்' என்றால் குறைய வாய்ப்பிருக்கிறது, இன்னும் குறையவில்லை. இந்த 'லைக்லி'யை விட்டுவிட்டு வாசிப்பவர்கள் நிறையப் பேர். எதிர்த்திசைக்கு 'இன்டென்சிஃபை'. முழுக்கக் கலைந்து போனால் 'டிஸ்ஸிபேட்'; கலைந்தது என்ற நம் சொல் அதற்கு அச்சாகப் பொருந்தும்.

நான்காம் படி: எல்லாவற்றுக்கும் 'வீக்கன்' போடாதீர்கள்

தமிழில் மழை விடுகிறது, காற்று தணிகிறது, கடல் அடங்குகிறது, காய்ச்சல் இறங்குகிறது. நாலுக்கும் நாலு சொல். மழை அடங்கியது என்று யாராவது சொன்னால் புரியும், ஆனால் நம் ஊர்க்காரர் இல்லை என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படியே. காற்று 'வீக்கன்' ஆகலாம், 'ஈஸ்' ஆகலாம், 'டை டவுன்' ஆகலாம். மழைக்கு 'ஈஸ்' அல்லது 'லெட் அப்'. காய்ச்சலுக்கு 'சப்ஸைட்' அல்லது 'கோ டவுன்'. வலிக்கு 'ஈஸ்'. காய்ச்சல் 'வீக்கன்ட்' என்று எழுதினால் ஆங்கிலம் அறிந்தவர் ஒரு கணம் திகைப்பார்.

கயிறு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெயிலிலும் உப்பிலும் கிடந்து இற்றுப்போனால் 'வீக்கன்ட்'. நல்ல கயிறே இறுக்கம் குறைந்து தொய்ந்து கிடந்தால் 'ஸ்லாக்'. கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டையும் மாற்றிச் சொன்னால் விபத்தில் முடியும். 'ஸ்லாக்கன் தி ரோப்' என்று அதிகாரி சொன்னால் கயிற்றைத் தளர்த்து என்று பொருள். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே பாம்பன் கால்வாயில் நீவாடு, அதாவது நீரோட்டம், திசை மாறுமுன் கொஞ்ச நேரம் சும்மா கிடக்குமே, அதற்கும் 'ஸ்லாக் வாட்டர்' என்றுதான் பெயர்.

தேநீர் தண்ணியாக இருந்தால் 'வீக் டீ' சரி. தண்ணீர் ஊற்றி அப்படி ஆக்குவதற்கு 'டைலூட்' அல்லது 'வாட்டர் டவுன்'. வெளிச்சம் குறைந்தால் 'டிம்', நிறம் வெளுத்தால் 'ஃபேட்', தேய்ந்த சத்தத்துக்கு 'ஃபெயின்ட்'. போன் சிக்னலுக்கு மட்டும் 'வீக்' தாராளமாகப் போடலாம்.

பாலத்துக்கும் இது பொருந்தும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று நூறு வருஷத்துக்கு மேல் தின்றது. 2022 டிசம்பரில் பாதுகாப்புக் கருதி அதன்மேல் ரயில் ஓடுவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தது. 'தி ஓல்ட் பிரிட்ஜ் வாஸ் வீக்கன்ட் பை கொரோஷன்' என்று ஒரு மாணவி எழுதினாள். 'பை'க்குப் பின்னால் காரணம், துரு. சரியான வாக்கியம். வகுப்பில் 'பை'யை விளக்க இன்றுவரை அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் படி: உடம்பு

நம் பேச்சில் 'ரொம்ப வீக்கா இருக்கு' என்றால் அசதி, சோர்வு, பசி, ரத்தக்குறைவு எல்லாம் அதில் அடங்கும். ஆங்கில மருத்துவப் பேச்சில் 'டயர்ட்' வேறு, 'வீக்' வேறு. வேலை செய்து களைத்தால் 'டயர்ட்', ஓய்வெடுத்தால் சரியாகும். தசை கட்டளையைக் கேட்கவில்லை, கை தூக்க முடியவில்லை என்றால் 'வீக்னெஸ்'.

மருத்துவச் சீட்டில் 'ஜெனரலைஸ்ட் வீக்னெஸ்' என்றால் உடம்பு முழுக்கப் பலமில்லை என்பது. 'லெஃப்ட் சைடட் வீக்னெஸ்' என்று இருந்தால் முற்றிலும் வேறு விஷயம்: இடது பக்கக் கை, கால் இயங்கவில்லை அல்லது இயக்கம் குறைந்திருக்கிறது, பக்கவாதத்தைச் சந்தேகிக்கிறார்கள். 'ஹெமிபாரெசிஸ்' என்றால் ஒரு பக்கம் வலு குறைவது, 'ஹெமிப்ளீஜியா' என்றால் ஒரு பக்கம் முழுக்கச் செயலிழப்பது. துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் ஒரு தம்பி, கூட இருப்பவருக்கு வாய் கோணி ஒரு கை விழுந்துவிட்டது என்பதை ஆங்கிலத்தில் போனில் சொல்ல வேண்டி வந்தால், 'ஹி இஸ் வீக்' என்று சொல்லிவிடக் கூடாது. அது சாப்பிடாமல் சோர்ந்திருப்பதாகக் கேட்கும். 'சடன் வீக்னெஸ் ஆன் ஒன் சைட்' என்று சொல்ல வேண்டும். 'சடன்', 'ஒன் சைட்' இரண்டும் கட்டாயம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இங்கேயும் 108-ஐ அழைக்கும்போது அசதி, வீக்கு என்று இழுக்காமல் ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வயதானவரைப் பற்றி எழுதும்போது 'வீக்' கொஞ்சம் கரடு. எளிதில் நொடிந்துவிடக் கூடிய தளர்ந்த உடம்புக்கு 'ஃப்ரெயில்' உண்டு. நம் ஆச்சிமாரை நினைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் மென்மை புரியும். 'ஃபீபில்' என்பதில் இரக்கமும் இருக்கும், சில இடங்களில் இளக்காரமும் ஒட்டும்; பார்த்துப் போடுங்கள். நோய் ஆளையே முடக்கிப் போட்டால் 'டிபிலிடேட்'. பயன்படுத்தாமல் தசை சூம்பினால் 'அட்ரஃபி'. கிருமியை வீரியம் குறைத்துச் செய்த தடுப்பு மருந்துக்கு 'அட்டென்யுவேட்டட்' என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு வாயில் விடும் போலியோ சொட்டு மருந்து அந்த வகைதான்.

ஆறாம் படி: மனசும் பணமும்

'ஐ ஹாவ் எ வீக்னெஸ் ஃபார் பனம்பழம்' என்றால் பனம்பழம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொருளில்லை. கண்டால் விடமாட்டேன் என்று பொருள். 'ஃபார்' வந்தால் ஆசை. 'இன்' வந்தால் குறை: 'வீக் இன் மேத்ஸ்', கணக்கு வராது, 'வீக் அட்' என்றும் சொல்வார்கள். ஒரு மனிதர் 'வீக்கன்ட்' என்று கதையில் வந்தால் பலசமயம் உடம்பைப் பற்றி அல்ல. மகள் அழுது கேட்டாள், அப்பா மனசு இளகிச் சம்மதித்துவிட்டார் என்பதைத்தான் அந்த ஒற்றைச் சொல் சொல்கிறது. மனம் இளகியது என்று தமிழில் எழுதுங்கள். மனம் வலுவிழந்தது என்று எழுதினால் அந்த அப்பா வேறு ஆளாகிவிடுவார்.

பணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். 'தி ருப்பீ வீக்கன்ட் அகெய்ன்ஸ்ட் தி டாலர்' என்றால் ஒரு டாலருக்குக் கொடுக்க வேண்டிய ரூபாய் கூடியிருக்கிறது. எண் ஏறும், மதிப்பு இறங்கும். டாலரில் விலை பேசி இறால் ஏற்றுமதி செய்பவருக்கு ரூபாய்க் கணக்கில் கூடுதலாக வரும். கச்சா எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருவதால் டீசலுக்கு அழுவதும் கூடும்.

ஏழாம் படி: உறவுச் சொற்களின் வேர்

இது தேர்வுக்கு வேண்டாம், ஆனால் சொல் மனசில் தங்க வேண்டுமானால் வேர் தெரிய வேண்டும். 'வீக்' வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. மென்மை என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லுக்கும் உறவு. 'ஃபீபில்' லத்தீனில் அழத்தக்க என்ற சொல். 'அட்டென்யுவேட்' மெலிதாக்குவது. 'அட்ரஃபி' கிரேக்கத்தில் ஊட்டம் இல்லாமை. 'அண்டர்மைன்' என்றால் மதிலுக்கு அடியில் குடைந்து சாய்ப்பது. தனுஷ்கோடிப் பக்கம் அலை அடிமண்ணை அரித்து, மேலே நிற்கும் சுவர் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'எப்'. கடல் வற்றுவது, நாம் வத்தம் என்று சொல்வது. 'ஹிஸ் ஸ்ட்ரெங்த் எப்ட் அவே' என்று ஆங்கிலத்தில் எழுதினால், வத்தத்தில் தண்ணீர் உள்வாங்கிப் போவதுபோல அவன் பலம் மெல்ல மெல்லப் போய்விட்டது என்று அர்த்தம். 'வேன்' நிலவு தேய்வது, தேய்பிறை. செல்வாக்கும் ஆர்வமும் தேய்வதற்கு அதையே போடுகிறார்கள். வத்தத்தையும் தேய்பிறையையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு இவை இரண்டும் ஒரே நாளில் பதிந்துவிடும்.

இனி பழகுவதற்கு

ஒரு நோட்டில் மூன்று பத்தி இழுங்கள். 'வீக்கன்' வரும் ஆங்கில வாக்கியத்தைச் செய்தியிலிருந்தோ அறிக்கையிலிருந்தோ எடுத்து முதல் பத்தியில் எழுதுங்கள். இரண்டாவதில் எந்தப் பலம் என்று எழுதுங்கள்: காற்றா, தசையா, இரும்பா, மனசா, மதிப்பா. மூன்றாவதில் எதிலிருந்து எதற்கு, எதனால் என்று எழுதுங்கள். இந்த இரண்டும் நிரம்பிய பிறகு தமிழ்ச் சொல் தானாக வரும்: தணிந்தது, தளர்ந்தது, இற்றது, இளகியது, குறைந்தது. நிரப்ப முடியவில்லை என்றால் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். பெரும்பாலும் 'இன்ட்டு'வோ 'லைக்லி'யோ கண்ணில் தப்பியிருக்கும். இருபது வாக்கியம் எழுதினால் போதும்.

சித்தப்பா அணியத்துக்குப் புதுப் பலகை போட்டு அந்த வத்தையைத்தான் இன்னும் வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் அறிக்கை வந்தால் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

"வலு குறைஞ்சிருக்கு சித்தப்பா."

"எதுல இருந்து எதுக்கு?" என்று கேட்கிறார். காற்றின் வேகத்தைச் சொல்கிறேன், நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்கிறேன், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு இறங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறேன். எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகுதான் கயிற்றில் கை வைக்கிறார்.